கண்டியில் கன்ஜி படித்த கதை

இலங்கைத் தெருக்களில் ஓடும் வேன்களும் சிறு லொறிகளும் பெரும்பாலும் ஜப்பானில் ஒரு பிறவி எடுத்து, அங்கே சில ஆண்டுகள் உழைத்து, பிறகு கப்பலேறி வந்து இங்கே மறுபிறவி கண்டவை. முற்பிறவியின் அடையாளங்கள் சில அவற்றின் விலாப்புறத்தில் அழியாமல் இருக்கும். கட்டுகஸ்தோட்டையில் மரக்கறி இறக்கும் லொறியின் கதவில், ஜப்பானிய ஊர் ஒன்றின் தச்சுப் பட்டறையோ மலர்க் கடையோ தன் பெயரை இன்னும் விளம்பரம் செய்துகொண்டிருக்கும். சாவியைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் மிகுந்த பணிவோடு ஏதோ சொல்லும். அது என்ன ஆசீர்வாதமோ என்று நினைத்திருந்த ஓட்டுநர்கள் உண்டு. நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்பதுதான் அந்தச் செய்தி. வானொலியும் அப்படியே. ஜப்பானில் பண்பலை முன்பெல்லாம் 76 மெகாஹெர்ட்சில் தொடங்கி 90இல் முடிந்ததால், அக்காலத்து வண்டிகளில் நம் ஊர் நிலையங்களைக் கேட்பதற்கு அலைவரிசையை மாற்றித் தரும் சிறு பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்த வேண்டும்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் எழுத்தையே பிழைப்பாகக் கொண்டிருந்த நான், அந்த விலாப்புற எழுத்துகளை எழுத்தென்று எண்ணிப் பார்த்ததே இல்லை. சித்திரம் என்று பார்த்தேன். எழுபத்தொன்றாம் வயதில்தான் அவற்றை வாசிக்கும் ஆசை பிறந்தது. அதற்குக் காரணம் ஓர் இளம்பெண்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். பெயர் வேண்டாம். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் எட்டாமல் போனவள். கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை. எங்கள் வீட்டுக்கு எதிரே சித்தி முறையான ஒருவரின் வீட்டில் தங்கல். மாதம் ஒருமுறை தோட்டத்துக்குப் போகும் பேருந்து கலஹா வீதி வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துத்தான் செல்கிறது. செனெற் கட்டடத்தைக் கடக்கும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொள்வேன் என்று ஒருநாள் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

2022இல் நாடு கடனடைக்க வழியின்றி நின்ற நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் கண்டியின் சந்துகளில் ஜப்பானிய மொழி வகுப்புகளின் பெயர்ப்பலகைகள் காளான்களாய் முளைத்தன. ஜப்பான் 2019 ஏப்ரலில் 'குறித்த திறன்' விசா என்ற புதிய வகையொன்றைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் இலங்கையும் அதற்கான உடன்பாட்டில் ஒப்பமிட்டது. முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, கட்டுமானம், உணவகம் என்று பல துறைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். தொழில் தேர்வு ஒன்று, மொழித் தேர்வு ஒன்று. மொழித் தேர்வைக் கணினியில் எழுத வேண்டும். 60 நிமிடம், 250 புள்ளி. 200 பெற்றால் தேர்ச்சி. அந்த 200க்காகத்தான் நம் பெண் வாரத்தில் மூன்று மாலைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கான பணம் அவளுடைய தாயாரின் தோடு அடகுக்குப் போனதில் வந்தது.

வகுப்பு சிங்களத்தில் நடந்தது. அதில் குறை காண்பதற்கில்லை. படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சிங்களப் பிள்ளைகள். அவளும் சிங்களம் சரளமாகப் பேசுவாள். ஆனால் பேசுவது வேறு, கரும்பலகையில் வேகமாக எழுதப்படும் சிங்கள விளக்கத்தைப் படித்து அதன் வழியே மூன்றாவது மொழியொன்றின் இலக்கணத்தைப் பிடிப்பது வேறு. ஆற்றைக் கடக்க முதலில் இன்னோர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. தமிழில் விளக்கமான நூல் கடைகளில் தேடினோம். அவளுக்குப் பயன்படக்கூடியதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே நான் ஆங்கில நூலொன்றை வைத்துக்கொண்டு, அன்றன்று படித்து அன்றன்று தமிழில் அவளுக்குச் சொல்லும் வாத்தியாரானேன். வாத்தியாருக்கும் மாணவிக்கும் ஒரு பாடம்தான் இடைவெளி.

"அம்மாகிட்ட கன்ஜி படிக்கிறேன்னு சொன்னேன் தாத்தா. கஞ்சி காய்ச்சவா ஜப்பானுக்குப் போறேன்னு கேக்குது" என்றாள் முதல் வாரத்தில். கன்ஜி என்றால் 'ஹான் எழுத்து', அதாவது சீன எழுத்து. ஜப்பானியரிடம் ஹிரகானா, கதகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு அடிப்படை எழுத்துகள். அவற்றைத் தமிழ்ப்பிள்ளை பத்து நாளில் படித்துவிடலாம். காரணம், அந்த வரிசையே நமக்குப் பழகிய வரிசை. அ, இ, உ, எ, ஒ என்று உயிர். பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' பழங்காலத்தில் 'ப' என்று ஒலித்தது என்பது மொழியியலார் முடிவு. அதை 'ப' ஆக்கிப் படித்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடியில் ஜப்பானியர் வாயில் வராத எழுத்துகளை மட்டும் எடுத்துவிட்டால் எஞ்சுவது இதுதான். பௌத்தத் துறவிகள் மந்திரம் ஓதுவதற்காகச் சித்தம் என்னும் இந்திய எழுத்தைக் கற்றார்கள். அந்த எழுத்தின் ஒழுங்கு ஜப்பானிய எழுத்து வரிசைக்குள் புகுந்துகொண்டது. ஒன்பதாம் நூற்றாண்டின் கூக்காய் துறவி சீனத்திலிருந்து அந்தக் கல்வியைக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த தெம்பு, அடுத்த பத்து நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

கன்ஜியில் அந்தத் தெம்பு கரைந்தது. பொதுப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 எழுத்துகள். அவற்றுக்கு ஏற்கப்பட்ட வாசிப்புகளோ 4388. அந்தத் திருத்தத்தில்தான் மனச்சோர்வைக் குறிக்கும் 'உத்சு' என்ற எழுத்தும் சேர்ந்தது; இருபத்தொன்பது கோடுகள் இழுக்க வேண்டும். எழுதி முடிப்பதற்குள் பொருள் விளங்கிவிடும். அவளுடைய தேர்வுக்கு அவ்வளவு தேவையில்லை, சில நூறு போதும். ஆனாலும் ஓர் எழுத்துக்கு ஏன் இரண்டு, மூன்று, சில வேளை எட்டு வாசிப்புகள் என்ற கேள்விக்கு வகுப்பில் கிடைத்த பதில், "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்பது. பிள்ளைகளிடம் 'அது அப்படித்தான்' என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்குப் பள்ளி நாளிலிருந்தே பகை.

பதில் நம் வீட்டிலேயே இருந்தது. என் தந்தையார் காலத்துக் காணிப் பத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதில் ஆண்டைக் குறிக்க ௵ என்று ஒரு குறி, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. "இதை எப்படி வாசிப்பாய்?" என்றேன். தெரியாது என்றாள். பத்திரம் எழுதும் நொத்தாரிசு ௵ என்பதை 'வருஷம்' என்று வாசிப்பார். தமிழாசிரியர் அதையே 'ஆண்டு' என்று வாசிப்பார். குறி ஒன்று; பொருள் ஒன்று; வாசிப்பு இரண்டு. ஒன்று வடக்கிருந்து வந்த சொல், மற்றது நம்முடையது. கன்ஜியின் இரட்டை வாசிப்பு இவ்வளவுதான். சீனத்திலிருந்து எழுத்தோடு கூடவே வந்த ஒலியை 'ஒன்' வாசிப்பு என்கிறார்கள். அதே பொருளுக்கு ஜப்பானியரிடம் முன்பே இருந்த சொல்லை அந்த எழுத்தின் மேல் ஏற்றியது 'குன்' வாசிப்பு. இன்னும் ஒரு படி போகலாம். பத்திரத்தில் ௵த்தில் என்று எழுதியிருந்தால், குறி பொருளைச் சொல்கிறது, வேற்றுமை உருபை எழுத்து சொல்கிறது. ஜப்பானியர் வினையடியைக் கன்ஜியில் எழுதி விகுதியை ஹிரகானாவில் தொங்கவிடுவதும் இதே வேலைதான்.

எந்த இடத்தில் எந்த வாசிப்பு? அதற்கும் நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. நீர் தனியே நின்றால் நாம் தண்ணீர் என்போம். ஆனால் மூக்கு ஒழுகினால் அது ஜலதோஷம். மலை தனியே நின்றால் மலை. நீலத்தோடு சேர்ந்தால் நீலகிரி. ஜப்பானியத்தில் நீர் தனியே 'மிசு'. புதன்கிழமையாகிய 'சுய்யோபி'யிலும் குழாய்நீராகிய 'சுய்தோ'விலும் அது 'சுய்'. மலை தனியே 'யமா'. எரிமலையில் 'சன்', அதுவும் மெலிந்து 'கசன்' ஆகும். பொதுவாகச் சொன்னால், தனியே நிற்பது தாய்மொழி ஒலி, கூட்டாக வருவது சீன ஒலி. விதிவிலக்குகள் ஏராளம் என்றாலும் ஒரு கைவிளக்காக இது உதவும்.

கண்டிக்காரர்களுக்கு இது இன்னும் எளிது. இந்நகரைத் தமிழில் கண்டி என்று எழுதுகிறோம், சிங்களத்தில் மஹநுவர என்று எழுதுகிறார்கள். புகையிரத நிலையப் பலகையில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. 'கந்த' என்ற மலைச்சொல்லிலிருந்து ஒரு பெயர் வந்தது. பெருநகர் என்பதிலிருந்து மற்றது. பஸ் நடத்துநர் "நுவர, நுவர" என்று கூவும்போது, தமிழ்ப் பயணி மனத்துக்குள் கண்டி என்று வாசித்துக்கொண்டு ஏறுகிறார். ஒரே இடத்துக்கு இரு வாசிப்பை நாம் அன்றாடம் சுமந்துதானே திரிகிறோம்.

சீன ஒலிகளிலும் அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு, ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளில் தென்சீன ஒலியாகக் கொரியா வழியே வந்தது. பௌத்தச் சொற்களில் இன்னும் அது உயிரோடிருக்கிறது. அடுத்தது, தாங் பேரரசின் தலைநகர் உச்சரிப்பாக வந்து அமர்ந்தது. அதன் பின்னும் சில ஒலிகள் வணிகரோடும் துறவிகளோடும் வந்தன. சூரியனையும் சந்திரனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் 'ஒளி' என்ற எழுத்து. அதற்கு முதல் அடுக்கில் 'ம்யோ', இரண்டாவதில் 'மேய்', கடைசி அடுக்கில் 'மின்'. இந்தக் கடைசி ஒலி சீனத்து மிங் வம்சத்தின் பெயரைச் சொல்ல மட்டும் பயன்படுவது போன்றது.

மிங் என்றதும் ஒரு கல் நினைவுக்கு வரும். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடையது. அதில் பொறித்த ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். புத்தருக்கு ஒரு மொழியில் காணிக்கை, தேனாவரை நாயனாருக்குத் தமிழில் காணிக்கை, இஸ்லாமியருக்குப் பாரசீகத்தில். அந்தச் சீனப் பகுதியின் முதல் இரண்டு எழுத்துகள் 'பெரிய', 'ஒளி': பெரும் மிங். கொழும்பில் மருத்துவச் சான்றிதழ் ஒன்றுக்காகப் போனபோது அவளை அங்கே அழைத்துப் போனேன். கல் தேய்ந்திருக்கிறது. கண்ணாடிக்கு இப்பால் நின்று அச்சிட்ட படியை வைத்துக்கொண்டு அந்த இரண்டையும் படித்தாள். தமிழ்ப் பகுதியைப் படிக்க முயன்று தோற்றாள். அறுநூறு ஆண்டுக்கு முந்தைய சீனம் அவளுக்குப் புரிந்தது, அதே வயதுடைய தமிழ் எழுத்து புரியவில்லை என்பதில் எனக்கு வருத்தமும் வியப்பும் சம அளவில் உண்டாயின. எழுத்தை ஒலியோடு கட்டியவர்களுக்கு வடிவம் மாறினால் வாசல் மூடிவிடுகிறது.

இனி உறுப்புகள். பத்திரிகைக்காரன் படம் இல்லாமல் விவரித்துப் பழகியவன். எழுத்துகளைச் சொல்லாலேயே வரைய முயல்கிறேன். நட்ட ஒரு கோடு, அதன் மேல்பகுதியில் குறுக்கே ஒரு கோடு, சந்திப்பிலிருந்து இருபுறமும் சாய்ந்திறங்கும் இரு கோடுகள்: இது மரம், 'கி'. இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. மரத்தின் அடியில் ஒரு சிறு கோட்டைக் குறுக்கே போட்டால் அடிவேர். அதிலிருந்து ஆதாரம், தொடக்கம், பிறகு நூல் என்று பொருள் விரிகிறது. நம் மொழியிலும் 'மூலம்' என்ற சொல் வேரையும் தொடக்கத்தையும் மூலப்பிரதியையும் குறிக்கிறது அல்லவா? சூரியனையும் இந்த மூலத்தையும் சேர்த்தால் 'நிஹொன்', ஞாயிற்றின் மூலம். நாட்டின் பெயர் அதுதான்.

மரத்தின் அருகே ஆள் நின்றால் ஓய்வு. "தோட்டத்துல மரத்துல சாஞ்சா கங்காணி சத்தம் போடுவாரு தாத்தா" என்றாள். ஆனாலும் அந்த எழுத்தை அவள் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

இத்தகைய கதைகளில் ஓர் ஆபத்து உண்டு. மரத்தின் ஊடே சூரியன் எழுவதுதான் 'கிழக்கு' என்ற எழுத்து என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். ஆய்வாளர்களோ அது இருபுறமும் கட்டிய ஒரு மூட்டையின் படம், ஒலி ஒத்திருந்ததால் கிழக்குக்குக் கடன் வாங்கப்பட்டது என்கிறார்கள். நல்ல கதை என்பதற்காகச் செய்தியை உண்மை என்று அச்சிட முடியாது. நினைவில் வைக்கும் கயிறாக வைத்துக்கொள், வரலாறென்று நம்பாதே என்று அவளிடம் சொல்லிவைத்தேன். உண்மையில் பெரும்பாலான எழுத்துகள் படங்களே அல்ல. ஒரு பாதி எந்த வகைப் பொருள் என்று சொல்லும், மறுபாதி எப்படி ஒலிப்பது என்று சொல்லும். இடப்பக்கம் மூன்று துளி வந்தால் நீர் சார்ந்தது. மேலே புல்முடி வந்தால் செடிகொடி. கட்டிலில் சாய்ந்தவன் போன்ற ஒரு கூரை வந்தால் நோய். அடியில் நான்கு புள்ளி வந்தால் நெருப்பு. 1716இல் முடிந்த காங்ஷி அகராதி இத்தகைய 214 தலைமை உறுப்புகளின் கீழ் எல்லாவற்றையும் அடுக்கியது. 'நெத்சு' என்ற எழுத்தின் அடியில் அந்த நெருப்புப் புள்ளிகள் எரிகின்றன. வெப்பம் என்றும் பொருள், உடம்புக் காய்ச்சல் என்றும் பொருள். காய்வதிலிருந்து காய்ச்சல் பிறந்த மொழியில் வளர்ந்தவளுக்கு அதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மருந்துக்கு 'குசுரி': புல்முடியின் கீழே 'சுகம், இன்பம்' என்ற எழுத்து. மூலிகையால் சுகம். பராமரிப்புத் தொழிலுக்குப் போகிறவள் முதலில் படிக்க வேண்டியவை இவைதான்.

ஒலி உறுப்பின் வல்லமையை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். ஒரு மாலை நோட்டை விரித்து நான்கு எழுத்துகளைக் காட்டினாள். நான்கிலும் ஒரே உறுப்பு. அதனோடு நீர்த்துளி சேர்ந்தால் சொட்டு. நடக்கும் பாதை சேர்ந்தால் பொருத்தம். அடிக்கும் கை சேர்ந்தால் பகைவன். வெறும் கை சேர்ந்தால் பறித்தல். நான்குக்கும் சீன ஒலி 'தெகி'. "அந்தப் பறிக்கிறது எது தெரியுமா? கொழுந்து பறிக்கிறது. 'ச்சா த்சுமி'ன்னு போட்டிருக்கு. எங்கம்மா வேலைக்கு ஜப்பான்லயும் ஒரு சொல்லு இருக்கு" என்றாள். அவளுடைய தாயார் முப்பது ஆண்டுகளாகச் செய்யும் வேலை அது.

தேயிலை என்ற எழுத்துக்கு வருவோம். மேலே புல், நடுவே கூரை போல் சாய்ந்த ஒரு மனிதன், கீழே மரம். புல்லுக்கும் மரத்துக்கும் இடையே மனிதன் என்று மக்கள் விளக்கம் சொல்கிறார்கள். வரலாறு வேறு: கசப்புச் செடியொன்றைக் குறித்த பழைய எழுத்தில் ஒரு கோட்டைக் குறைத்துத் தாங் காலத்தில் நிலைபெற்றது இது. லூ யூ எட்டாம் நூற்றாண்டில் தேயிலைக்கென்றே நூல் எழுதிய காலம். ஆனால் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் இருக்கும் அதே மலைத்தொடரில் பிறந்த பெண்ணுக்கு, புல்லுக்கும் மரத்துக்கும் இடையே நிற்கும் அந்த ஆள் யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆட்களின் குடியுரிமையை 1948இல் பறித்து, கடைசித் தொகுதிக்கு 2003இல் திருப்பிக் கொடுத்த நாடு இது.

இந்த எழுத்துக்குச் சீனத்துப் பெரும்பகுதியில் 'ச்சா' என்று ஒலி, ஃபூஜியன் கரையில் 'தே' என்று ஒலி. டச்சுக் கப்பல்கள் 'தே'யைத் தூக்கிச் சென்றன. தரைவழி வணிகர் 'ச்சா'வைத் தூக்கிச் சென்றனர். தமிழன் இரண்டையும் விடவில்லை. தேயிலை, தேநீர், யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணி எல்லாம் ஃபூஜியன் கரை; சாயா மற்றப் பக்கம். இன்னொரு வேடிக்கை: ஜப்பானியர் நூற்றெட்டாம் பிறந்தநாளைத் 'தேயிலை வயது' என்கிறார்கள். புல்முடியைப் பிரித்தால் இரண்டு பத்து, அடிப்பகுதியைப் பிரித்தால் எண்பத்தெட்டு, கூட்டினால் நூற்றெட்டு. நம் பத்திரங்களில் எண்ணை எழுத்துக்குள் ஒளித்துவைத்த பாட்டன்மார் இதை ரசித்திருப்பார்கள்.

தமிழும் ஜப்பானியமும் உறவா என்று வாசகர்களில் பலர் கேட்பீர்கள். பேராசிரியர் சுசுமு ஓனோ 2008இல் மறையும் வரை பல ஆண்டுகள் அதையே சொன்னார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பெரும்பான்மை மொழியியலார் அந்த உறவை ஏற்கவில்லை. எனக்கும் உறுதியில்லை. ஆனால் பாடம் சொல்லும்போது கிடைத்த லாபம் பெரிது. சொல்வரிசை ஏறக்குறைய ஒன்று. 'செய்து பார்' என்பதற்கு அவர்களும் செய்வதோடு பார்ப்பதைச் சேர்க்கிறார்கள், 'ஷிதெ மிரு'. 'செய்து வை' என்பதற்கு வைப்பதைச் சேர்க்கிறார்கள், 'ஷிதெ ஒகு'. கொரெ, சொரெ, அரெ, தொரெ என்ற நான்கும் யாழ்ப்பாணத்தாரின் இது, உது, அது, எது. மலையகத்துப் பெண்ணுக்கு 'உது' தெரியாது. என் மனைவி வழிவந்த யாழ்ப்பாணத்துத் தமிழ் அங்கே கைகொடுத்தது. ஆனால் சிங்களத்திலும் 'செய்து பார்' உண்டு, நான்கு சுட்டும் உண்டு. சிங்களம் வேறு குடும்பத்து மொழி. ஆகவே ஒற்றுமையைக் கண்டவுடன் பந்தி போட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன். வாசிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். நான் இங்கே எழுதியவை கண்ணுக்கு உதவும், காதுக்கு உதவா. 'கக்கு' என்று எழுதினால் அது கற்றலா, எழுதலா என்று தெரியாது. முதல் எழுத்து வல்லோசையா மெல்லோசையா என்பதில் பொருள் மாறும். ஹிரகானாவிலேயே எழுதுங்கள். அடுத்து, வாசிப்புப் பட்டியலை நெட்டுரு போடாதீர்கள். 'உயிர், பிறப்பு, பச்சை' என்று பொருள்படும் ஒரே எழுத்துக்கு எட்டுக்கு மேல் வாசிப்பு உண்டு. ஆனால் 'சென்செய்' என்றால் ஆசிரியர், 'இஷ்ஷோ' என்றால் ஆயுள் முழுதும் என்று சொல்லாகப் படித்தால் வாசிப்பு தானே ஒட்டிக்கொள்ளும். அச்சுக்கூடத்தில் எங்கள் பழைய கோப்பாளர் எழுத்தறைகளைப் பார்க்காமலே கையை நீட்டுவார். கை சொல்லைத் தேடியது, எழுத்தையல்ல.

சென்ற தை மாதம் தேர்வு எழுதினாள். கணினித் தேர்வாதலால் முடிவும் அங்கேயே திரையில் வந்துவிட்டது: பதினோரு புள்ளி போதவில்லை. எழுத்திலும் சொல்லிலும் நன்றாகவே செய்திருந்தாள். செவிப்புலப் பகுதி கவிழ்த்துவிட்டது. நான் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன், காதுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் குரல் இல்லை. வகுப்புக்காரர் இன்னும் ஆறு மாதக் கட்டணம் கேட்டார். அதற்குப் பதிலாக, தேர்வே வேண்டாம், மாணவர் விசாவில் அனுப்புகிறேன், இலட்சங்கள் கொஞ்சம் கூடும் என்று ஒரு தரகரும் வந்தார்.

அந்த வாரம் தாயார் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை தேயிலைத்தூள். 2017இல் மொழி படிக்க ஜப்பான் சென்று, 2021 மார்ச் 6ஆம் திகதி நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் உயிரிழந்த விஷ்மா சந்தமாலியைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். "மாணவர் விசாவில போய்ப் படிப்பு நின்னுபோனா என்ன ஆகுங்கய்யா?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். கடன்பட்டுப் போகும் பிள்ளை, அங்கே வகுப்பைவிட வேலைக்கே நேரம் கொடுத்து, பிறகு வருகை குறைந்து விசா இழக்கும் வழி இருக்கிறது என்றும், தேர்வெழுதி வேலை ஒப்பந்தத்தோடு போகிறவருக்கு நிலம் ஓரளவு உறுதியானது என்றும் சொன்னேன். போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

"அந்த எழுத்த எனக்கும் காட்டு" என்றார் மகளிடம். அவள் நோட்டில் தேயிலையைப் பெரிதாக எழுதிக் காட்டினாள். தாயார் வெகுநேரம் பார்த்தார். "கூடை எங்க?" என்று கேட்டார்.

தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வகுப்பும் நின்றது. இப்போது மாலைகளில் அவள் ஜப்பானிய வானொலிச் செய்தியைக் கைப்பேசியில் கேட்கிறாள். எனக்கும் ஒரு காதுக்குழாயைத் தந்திருக்கிறாள். வேகம் தாங்கவில்லை. பத்துச் சொல்லில் மூன்று பிடிபடுகிறது, அவளுக்கு ஆறு. நேற்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஒரு வெள்ளை வேனைக் கடந்தபோது, நான் கேட்காமலே விலாப்புறத்தை வாசித்தாள். சலவைக் கடை ஒன்றின் பெயராம். ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தை 'யமா' என்பதா 'சன்' என்பதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. அடுத்த தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கிறது.